ஆத்தி நார் அடித்த சத்தம்

கோயில் விழா மலருக்கு நானும் ஏதாவது எழுத வேண்டும் என்று மலர்க்குழுப் பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். "அம்மா, நீங்கள் நாரிலையும் பன்னிலையும் கூடை இழைக்கிறனீங்கள்தானே. சின்னனில எப்பிடிப் பழகினீங்கள் எண்டு இனிமையா ஒரு நினைவு எழுதித் தாங்கோ" என்றார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். பிறகு விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொண்டு எழுத உட்கார்ந்தபோதுதான், அந்தப் பழக்கத்தில் இனிமை என்று எடுத்துச் சொல்ல அதிகம் இல்லை என்பது தெரிந்தது.

என் வயதுக்காரர்களே, உங்களிடம் மறைத்து எழுதி என்ன பயன்? படலைக் கதவுக்குள் நடந்ததைப் படலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது எங்களில் பாதிப்பேர் இல்லை. பிறகு வந்த யுத்தத்தைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது அதற்கு முந்திய ஒரு கோடையை. எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காணி கண்டாவளைப் பக்கம், குளத்து வாய்க்காலின் கடைசி மடைக்குக் கிட்ட இருந்தது. யாழ்ப்பாணத்தில் காணியில்லாத குடும்பங்களுக்குக் காடு வெட்டிக் கொடுத்த குடியேற்றம் அது. சுற்றிவரப் பற்றையும் வயலுமாகக் கிடந்த இடத்திலும் எங்களவர்கள் முதலில் போட்டது வேலிதான். கிழுவை மரக் கதியால்களை வேலிக்காலாக நட்டு, பின்னிய தென்னோலைக் கிடுகு வரிந்து, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம். வெளியில் நிற்பவருக்கு எங்கள் கூரை மட்டும்தான் தெரியும். வேலி கறையான் தின்று ஓட்டை விழுந்தால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. "வேலி இல்லாத வளவும் சீலை இல்லாத பொம்பிளையும் ஒண்டு" என்பார்.

அப்பா நன்றாகத் தேவாரம் பாடுவார். குளக்கட்டில் ஐயனாருக்குப் பொங்கல் நடக்கும்போது அவர் குரலெடுத்தால் கிழவிகள் கண்ணைத் துடைப்பார்கள். கள்ளுக் குடிக்கமாட்டார். வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் தொடமாட்டார். அதே அப்பா அம்மாவை அடிப்பார்.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. ஆனால் எழுதிவிட்டேன்.

காரணம் என்று ஒன்று இருக்காது. வயலுக்குத் தண்ணீர் வராது, அடிப்பார். மாடு கயிறறுத்துக்கொண்டு போகும், அடிப்பார். கறியில் புளி கூடினால் சட்டி பறக்கும், பிறகு கை. அம்மா சத்தம் போடமாட்டா. சீலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு நிற்பா. சத்தம் வெளியே போனால் குடும்ப மானம் போய்விடுமாம். அடி விழுகிற சத்தத்தை மட்டும் அம்மாவால் அடக்க முடியவில்லை.

அந்தச் சத்தம் வேலியைத் தாண்டும். தாண்டினால் பக்கத்து வளவு மாமி உப்புக் கேட்டு வருவா. உங்களுக்கும் இந்த வழக்கம் ஞாபகம் இருக்கும். புருஷன் பெண்சாதி சண்டைக்குள் அந்நியர் வாய் வைக்கக்கூடாது. ஆனால் உப்பு இரவல் கேட்டு யாரும் எந்த நேரமும் வரலாம். "பிள்ளை, ஒரு பிடி உப்பு இருக்கோ? எங்கடை சிரட்டை காலி" என்று வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் தலை நீட்டுவா. அப்பாவின் கை அந்தரத்தில் நிற்கும். உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கோ மாமி, வாங்கோ. இஞ்சாருமப்பா, மாமிக்கு உப்புக் குடும்" என்பார். சாமி பேசுவது போல அவ்வளவு மரியாதை. மாமி வீட்டில் உப்பு எப்போதும் நிறைய இருந்தது என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் விளங்கியது.

எனக்குப் பிறகு அம்மாவின் வயிற்றில் இரண்டு பிள்ளைகள் வந்தன. இரண்டும் நாள் நிறைய முன்னமே கலைந்து போயின. கண்ணூறு என்றார்கள். ஊரில் விட்டு வந்த குலதெய்வத்துக்குக் குறை என்றார்கள். அப்பா இரண்டு தரமும் கோயில் வாசலில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதார். அந்தக் கோடையில் அம்மா மறுபடியும் பிள்ளைத்தாச்சி. அம்மாளாச்சி படத்துக்கு முன்னால் நின்று, "இதையாவது விட்டு வை தாயே" என்று கும்பிடுவா. யாரிடம் கேட்கிறா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கும்போது அம்மாவின் கண் படத்தில் இருக்காது, படலையில் இருக்கும்.

அந்தக் கோடைக்கு முதல் வருடம் மலைநாட்டில் கலவரத்தில் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் லயன் வீடுகள் எரிந்தன. அங்கிருந்து உயிரோடு தப்பி வந்த குடும்பங்கள் வாய்க்கால் கட்டோரம் கொட்டில் போட்டுக்கொண்டன. வேலி இல்லை. சமைப்பது, சாப்பிடுவது, சண்டை பிடிப்பது எல்லாம் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும். எங்களவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "தோட்டக்காட்டுச் சனம், வெக்கம் தெரியாது" என்றார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் நான் மலைநாட்டு அக்கா என்று கூப்பிட்டவ. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, தனிக்கட்டை.

ஒருநாள் காலை எங்கள் படலையில் வந்து நின்று, "தங்கச்சி, ஒங்க வேலியோரம் நிக்கிற ஆத்தி மரத்துல நாலு கெள வெட்டிக்கிறட்டுங்களா? பட்டைய மட்டும் எடுத்துக்கிறேன். குச்சி ஒங்க அடுப்புக்கு ஆகும்" என்றா.

அம்மா, "பட்டை என்னத்துக்கு?" என்று கேட்டா.

"கூட பின்னத்தாங்க. எங்கப்பா தோட்டத்துல கொழுந்துக் கூட கட்டுறவரு. அங்க மூங்கிலும் பெரம்பும் இருந்துச்சி. இங்க இருக்கிறத வச்சித்தானே செய்யணும்."

அக்கா உள்ளே வந்து கிளையை வெட்டினா. கத்தியால் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டு, இரண்டு பக்கமும் விரலைக் கொடுத்து இழுத்தா. பட்டை சர்ரென்று உரிந்து வந்தது. உள்ளே கட்டை வெள்ளையாக, ஈரமாக, தோலுரித்த ஆட்டின் தொடை போல மினுங்கியது. நான் பின்னுக்கு நகர்ந்தேன். அம்மா கிட்டப் போய் மற்ற நுனியைப் பிடித்தா. அன்று தொடங்கியதுதான் எங்கள் வீட்டுக் கூடை வேலை.

அப்பா தடுக்கவில்லை. விதைநெல் கொண்டுபோக, களத்தில் பதர் அள்ள, வெங்காயம் போட்டு வைக்க எல்லாவற்றுக்கும் கூடை தேவை. அக்காவுக்கும் அவருக்கும் ஒரு கதைபேச்சும் இல்லை. "அவளைக் குசினி அடுப்படிக்குள்ள எடுக்காதை" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

உரித்த பட்டையை வாய்க்கால் சேற்றில் புதைக்க வேண்டும். கிடந்து ஊறி நாற்றமெடுத்த பிறகு எடுத்துக் கழுவி, பாலை மரக் குற்றியின் மேல் போட்டுக் கொட்டனால் அடிக்க வேண்டும். கொட்டன் என்றால் கைப்பிடி வைத்த கனத்த கட்டை. அடிக்க அடிக்க மேல்தோல் நொருங்கிப் போய் உள்ளே நார் பாளம் பாளமாகப் பிரியும். ஈரப் பட்டையில் கொட்டன் விழும்போது தொப், தொப் என்று ஒரு சத்தம். சதையில் விழுவது மாதிரித்தான் இருக்கும்.

அடிக்கும்போது அக்கா தன் கதையைச் சொல்லுவா. அழமாட்டா. கறிக்கு என்ன போட்டேன் என்று சொல்லுகிற குரலில் சொல்லுவா. "கூரையில நெருப்பு வச்சானுங்க. இவரு வெளிய ஓடியாந்தாரு. நாலு பேரு கத்தியோட. நான் கக்கூசுக்குப் பின்னால படுத்துக் கெடந்தேன். தல வேறயா வுழுந்துச்சி, தங்கச்சி. வாயி மட்டும் என்னமோ சொல்லிக்கிட்டே இருந்துச்சி." தொப். "என்னா சொன்னாருன்னுதான் வெளங்கல." தொப்.

அம்மா பிள்ளைத்தாச்சி, இதைக் கேட்கக்கூடாது என்று எனக்குத் தோன்றும். ஆனால் அம்மா ஒரு சொல் விடாமல் கேட்பா. ஒருநாள் மெதுவாக, "நீங்கள் கத்தேல்லையோ அக்கா?" என்று கேட்டா.

"கத்தல. கத்தியிருந்தா என்னையும் வெட்டியிருப்பானுங்க. ஆனா ஒண்ணு தங்கச்சி, கத்தாம பொழைச்சதும் ஒரு பொழைப்பா?"

அம்மா நாரை எடுத்து நக நுனியால் கிழித்துக்கொண்டிருந்தா.

நான் பழகிய விதமும் மெத்தென்ற விதம் இல்லை. நெடுக்கு நாரை சூரியக் கதிர் மாதிரிப் பரப்பி, குறுக்கே பன்னைக் கொடுத்து வளைத்துவர வேண்டும். பன் என்பது குளத்து அலைகரையில் வளருகிற கோரை மாதிரியான புல். நாரில் ஒன்றைத் தவறி விட்டால் அக்கா விரல் கணுவில் கத்திப்பிடியால் ஒரு தட்டுத் தட்டுவா. கண்ணில் பூச்சி பறக்கும். "வலிக்குதா? வலிச்சாத்தான் வெரலு எண்ணிக்கும்." அம்மாவின் முதல் கூடை ஒருபக்கம் சரிந்து நின்றது. அக்கா அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னாங்க இது, கூடையா காக்கா கூடா? முட்ட எங்க?" என்றா. அம்மா சிரித்தா. வாயைப் பொத்தாமல் அம்மா சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

பன் வெட்டக் குளத்துக்குப் போவோம். இடுப்பளவு தண்ணீர், காலில் அட்டை. வெட்டிய இடம் கையையும் பதம் பார்க்கும். ஒருமுறை கட்டி வைத்த பன் கட்டுக்குள்ளிருந்து ஒரு புடையன் பாம்பு எங்கள் முற்றத்தில் விழுந்தது. என் காலுக்குப் பக்கத்தில் சுருண்டு சீறியது. நான் கத்த முன்னமே அம்மா கொட்டனை ஓங்கி ஒரே போடு. தலை மண்ணோடு ஒட்டிப் போயிற்று. உடல் மட்டும் கனநேரம் நெளிந்தது. அம்மா கொட்டனைப் பிடித்தபடி நின்றா. அப்பா வந்து பார்த்து, "அடேயப்பா, எங்கடை மனிசிக்கும் கை இருக்கு" என்று சிரித்தார். அம்மா அவரைப் பார்த்தா. பிறகு கொட்டனைக் கழுவி வெயிலில் வைத்தா. அவ்வளவுதான்.

இனி எழுத வேண்டியது வருகிறது.

ஒரு மத்தியானம் அம்மா நார் அடித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். சோறு ஆறிப் போயிற்று என்று தொடங்கினார். அம்மாவின் தலைமயிரைப் பிடித்து எழுப்பி முதுகில் குத்தினார். ஒன்று, பிறகு இன்னொன்று. வழக்கம்போல வேலிக்கு அப்பால் மாமியின் குரல் கேட்டது. நான் உப்பு வரப்போகிறது என்று மூச்சு விட்டேன். ஆனால் மாமி வரவில்லை. அங்கே நின்றபடியே, "நடக்கட்டும் பிள்ளை, நடக்கட்டும்! வெயிலெண்டும் பாராமல் நார் அடிக்கிறீர். எங்கடை பெட்டையளும் இருக்குதுகளே, பாயை விட்டு எழும்பாதுகள்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனா.

அப்பாவின் கை நின்றது. வேலியைப் பார்த்தார். குற்றியில் கிடந்த நாரைப் பார்த்தார். கொட்டனைப் பார்த்தார். ஒரு மனிதனுடைய முகத்தில் ஒரு யோசனை வந்து குடியேறுவதை நான் என் கண்ணால் கண்டேன். இத்தனை வருடத்தில் எவ்வளவோ கண்டிருக்கிறேன். ஷெல் விழுந்து கண்டிருக்கிறேன். அந்த முகத்தைப்போல வேறொன்றும் என் நித்திரைக்குள் வருவதில்லை.

அதன்பிறகு அவருக்குக் கோபம் வந்தால் முதலில் படலையைக் கொளுவி போட்டுச் சாத்துவார். அடுத்தது என்னைக் கூப்பிடுவார். "எடியே, போய் நாரை அடி."

நான் அடிப்பேன். குற்றிக்கு முன்னால் குந்தி, ஈரப்பட்டையின் மேல் கொட்டனைப் போடுவேன். எனக்குப் பின்னால், குசினிச் சுவரோடு, அம்மாவின் மேல் மற்றச் சத்தம் விழும். நான் மெதுவாக அடித்தால், "பலத்து அடியடி" என்பார். தேவாரம் பாடும்போது தாளம் பிசகினால் அதட்டுகிற அதே குரல். வேலிக்கு அப்பால் ஊர் தன் பாட்டில் இருந்தது. மாமி கோழிகளைத் துரத்தினா. யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். வேலை நடக்கிறது, வளவு உழைக்கிறது என்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

வயிற்றில் படாமல் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பா. அடி முழுவதையும் முதுகில் வாங்குவா. "இது தங்க வேணும் பிள்ளை. இது போனால் நானும் போயிடுவன்" என்று எனக்கு எண்ணெய் வைக்கும்போது ஒருநாள் சொன்னா. எனக்கு வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பிள்ளையாரிடம் சொன்னேன். பிள்ளையாருக்கு வேலி இல்லை, அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார் என்று நினைத்தேன்.

கடைசியாக நடந்தது தண்ணீர் முறைச் சண்டை அன்று. அப்பாவின் முறையில் யாரோ மடையைத் திருப்பி விட்டார்கள். அப்பா போய்க் கேட்க, வாய்க்கால் பார்க்கிற விதானையார் நாலு பேருக்கு முன்னால், "உமக்குத் தண்ணி காட்டவோ, பால் குடுக்கவோ?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அந்தச் சிரிப்பை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

படலையைக் கொளுவினார். "அடியடி" என்றார்.

நான் கொட்டனை எடுத்தேன். அன்று அவர் கையால் அடிக்கவில்லை. உரித்துப் போட்ட ஆத்திக் கம்பு ஒன்றை எடுத்தார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்ப, அவர் தோளைப் பிடித்து இழுத்து முன்பக்கமாகத் திருப்பினார். அம்மா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு குந்தினா. கம்பு அந்தக் கைகளின் மேலே விழுந்தது. விரல் முறிகிற சத்தத்தை நான் கேட்டேன். அப்போதும் அம்மா சீலையைத்தான் கடித்தா.

என் கை நின்றுவிட்டது.

"அடியடி!" என்று அப்பா கத்தினார். "நிப்பாட்டினா உனக்கும் விழும்!"

நான் எழும்பினேன். கொட்டனை இரண்டு கையாலும் தூக்கி என் பலம் முழுவதையும் கொடுத்து வேலிக்கு மேலால் எறிந்தேன். அது சுழன்றுகொண்டு போய் மாமியின் வளவுக்குள் விழுந்தது. மண்பானை உடைகிற சத்தம், அதோடு ஒரு கோழியின் அலறல், அதற்கு மேலே மாமியின் குரல்.

"ஆரடி கொட்டன் எறிஞ்சது? அறுதலி! என்ரை அடைகிடந்த கோழியைக் கொண்டுபோட்டியே! பானையும் போச்சு! பொறு வாறன், உன்ரை கையை முறிக்கிறன். கொம்மா உனக்குப் பழக்கினது இதுதானோ?"

பேசிக்கொண்டே வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தா. செத்த கோழியைக் காலில் தூக்கிப் பிடித்தபடி வந்தா. வந்தவ நின்றா. நாரடிக்க அங்கே கொட்டன் இல்லை. ஆனால் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா அவ வந்ததைக் காணவில்லை. அவருக்கு அப்போது எதுவும் தெரியவில்லை.

மாமியின் கையிலிருந்து கோழி விழுந்தது. "ஐயோ! பிள்ளைத்தாச்சியை! ஐயோ ஓடியாங்கோ, கொல்லுறான்!" அந்தக் குரல் வாய்க்கால் கட்டு வரைக்கும் போயிருக்க வேண்டும். படலை அதிர்ந்தது. கொளுவி தெறித்து விழுந்தது. மலைநாட்டு அக்கா நேராக வந்தா. ஒரு கேள்வி கேட்கவில்லை. உரித்த கம்புகள் குவித்திருந்த இடத்தில் தடித்த ஒன்றை எடுத்தா. அப்பா கையை ஓங்க, மணிக்கட்டைப் பார்த்து ஒரே அடி. கம்பு அவர் கையிலிருந்து பறந்தது. இன்னொரு அடி முழங்காலில். அப்பா விழுந்தார். அக்கா மூன்றாம் அடிக்குத் தலைக்கு மேலே ஓங்கினா. அவவின் முகத்தில் அப்போது என் அப்பா இல்லை, கத்தியோடு வந்த வேறு நாலு பேர் இருந்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன். மாமி அவவின் இடுப்பைக் கட்டிப் பிடித்தா. "வேண்டாம் பிள்ளை, வேண்டாம், உன்னைத்தான் பொலிசு மறியலிலை போடும்" என்று அழுதா. அக்கா கம்பை மண்ணில் அடித்தா. அது பிளந்து போகும் மட்டும் அடித்தா.

பிறகு மாமி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: "நார் அடிக்கிற சத்தமெண்டுதானடி இருந்தனான். அம்மாளாணை, நார் எண்டுதான் இருந்தனான்."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஐயனார் கோயிலில் ஊர் கூடியது. கூடியது அப்பாவை விசாரிக்க என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. குடும்பஸ்தன் ஒருவனை வந்தேறி ஒருத்தி அவன் வளவுக்குள்ளேயே புகுந்து அடித்தாளே, அதை விசாரிக்க. அப்பா மணிக்கட்டில் பத்துப் போட்டு, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு முன்னால் இருந்தார். அம்மா பெண்கள் பக்கம், விரல்களில் துணி சுற்றியபடி. அக்கா கோயில் வீதிக்கு வெளியே வெயிலில். உள்ளே வர விடவில்லை.

பூசாரியார் கனநேரம் கண்ணை மூடி இருந்தார். திறந்து சொன்னார்: "குற்றம் மரத்திலை. ஆத்தி சிவனுக்குரிய மரம். அதைப் பட்டை உரிச்சு, அடிச்சு, சேத்திலை தாட்டிருக்கினம். ஐயனாருக்குப் பொறுக்கேல்லை. அதுதான் இந்த வீட்டுக்குள்ள சண்டையாய் வந்து நிக்குது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை."

ஆம்பிளைகள் எல்லோருக்கும் அது சரியாகப்பட்டது. நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது போலத் தலையாட்டினார்கள். அப்பா அழுதார். அது நடிப்பில்லை, அவரும் நம்பினார். விதானையார் தீர்ப்பைச் சொன்னார். கூடை வேலை இனி இந்த ஊரில் கூடாது. ஐயனாருக்கு ஒரு பரிகாரப் பொங்கல். தோட்டக்காட்டாள் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும்.

அப்போது அம்மா எழும்பினா.

"பிள்ளைத்தாச்சி சபையிலை கதைக்கப்படாது. இரு பிள்ளை" என்றார் பூசாரியார்.

அம்மா இருக்கவில்லை. "ஒண்டே ஒண்டு கேக்கிறன் ஐயா. இந்த மரத்திலை கத்தி பட்டது இந்தக் கோடையிலைதான். எனக்கு அதுக்கு முதல் ரெண்டு போச்சுது. அது எந்த மரத்தாலை ஐயா?"

பூசாரியார் விதானையாரைப் பார்த்தார். மாமி என் பக்கத்தில் சீலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்தா. வைத்தவ, எதையோ நினைத்துக்கொண்டு வெளியே எடுத்துவிட்டா. "சொல்லுங்கோவன் ஐயா. அவள் கேக்கிறாளெல்லே?" என்று உரத்துக் கேட்டா. பெண்கள் பக்கம் முழுவதும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய முகத்தில் இருந்த அழுகை வற்றிப் போயிருந்தது.

நான் கோயிலை நம்புகிறவள். இன்றைக்கும் விளக்கு வைக்காமல் தண்ணீர் குடிக்கமாட்டேன். பூசாரியாரும் கெட்டவர் இல்லை. ஆனால் ஐயனார் பட்டைக்குக் கோபித்தார் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. ஐயனார் கோபித்திருந்தால், அவர் கோபம் அன்று அம்மாவின் வாயால்தான் வந்தது.

விதானையார் இருமிக்கொண்டு, "சரி பிள்ளை, இப்ப என்ன செய்ய வேணுமெண்டு நிக்கிறீர்?" என்று கேட்டார்.

"நான் வீட்டை போறன். வேறை எங்கை போவன்? காணி அவற்றை பேரிலை. ஆனா என்ரை பிள்ளைப்பேறு பாக்கிறது இந்த அக்காதான். அவா போனா நானும் அவவின்ரை பின்னாலை போறன். மற்றது, எங்கடை வளவு வேலியை இண்டைக்குப் பிரிக்கிறன்."

"என்ன?" என்று அப்பா நிமிர்ந்தார். அடிபட்டபோது கூட அப்படி அதிரவில்லை. "வேலி இல்லாமல் என்ன வீடு? ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்" என்றா அம்மா. "சிரிக்கிறதெண்டாலும் எங்களைப் பாத்துக்கொண்டுதானே சிரிக்க வேணும்."

அம்மா நடந்தா. நானும் பின்னால் ஓடினேன். முறிந்த விரல்களால் கிடுகைப் பிடிக்க முடியவில்லை. பல்லால் கட்டைக் கடித்து இழுத்தா. கட்டுப் போட்டிருந்தது எங்கள் ஆத்தி நாரால்தான், அது லேசில் அறாது. மாமி தன் பக்கத்திலிருந்து கத்தியோடு வந்து வெட்டத் தொடங்கினா. "என்ரை கோழியையும் கொண்டு, இப்ப என்ரை மறைப்பையும் கொண்டுபோறாளே" என்று திட்டிக்கொண்டு வெட்டினா. வெட்ட வெட்டக் கண்ணீர் ஓடியது. அக்கா வந்தா. இன்னும் சில பெண்கள் வந்தார்கள். ஆம்பிளைகள் ரோட்டில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் உதவவும் இல்லை. பொழுது சாயும்போது எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் வாய்க்கால் கட்டு, வயல், அதற்கப்பால் பரந்தன் பக்கம் போகிற ரோட்டு எல்லாம் தெரிந்தது. வெறும் கதியால்கள் மட்டும் நின்றன.

கடவுள் அப்பாவின் மனதை மாற்றினார் என்று எழுத எனக்கு ஆசை. கோயில் மலருக்கு அது நன்றாக இருக்கும். ஆனால் பொய் எழுதக்கூடாது. அவருடைய கோபம் போகவில்லை. கை ஓங்கும். ஓங்கிய கை ரோட்டைப் பார்க்கும். பிறகு அது தலையைச் சொறியும். சிலவேளை சோற்றுக் கோப்பையை முற்றத்தில் எறிவார். வாய்க்காலுக்குப் போகிற பெண்கள், "என்ன அண்ணை, காகத்துக்கோ?" என்று கேட்டுக்கொண்டு எங்கள் வளவுக்குள்ளாலேயே குறுக்குப்பாதை போட்டார்கள். அவர் பிறகு தேவாரம் பாடுவதை விட்டுவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அம்மா கூடை இழைப்பதை விடவில்லை. விரல்கள் இரண்டு கடைசிவரை நிமிரவில்லை. மற்ற எட்டும் போதும் என்பா. அந்தக் கூடைகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. கடைசி யுத்தத்தில் ஓடியபோது புதுக்குடியிருப்புக்கு அப்பால் எந்த மண்ணில் விட்டோமோ தெரியாது.

மாரி தொடங்கி முதல் மழை விழுந்த காலையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. அப்பா வயலில் நின்றார். அக்கா ஓலைத்தட்டியைக் கட்டிவிட்டு என்னையும் மாமியையும் உள்ளே எடுத்தா. வலி கூடக் கூட அம்மா பழைய பழக்கத்தில் சீலையைத் தேடினா. அக்கா அதைப் பறித்து மூலையில் எறிந்தா. "வேணாம் தங்கச்சி. வாயத் தொறந்து கத்து." அம்மா கத்தினா. என் வாழ்க்கையில் முதல்தரமாக அம்மாவின் குரல் முழுவதையும் கேட்டேன். அது அவ்வளவு பெரிய குரல் என்று எனக்குத் தெரியாது.

தம்பி பிறந்தான். நீலம் பாய்ந்து, அசையாமல் கிடந்தான். அக்கா காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினா. மாமி, "அம்மாளாச்சி, அம்மாளாச்சி" என்று தரையில் நெற்றியை முட்டினா. அம்மா எந்தச் சாமியிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தா. அக்கா முதுகில் ஒரு தட்டுத் தட்டினா. இன்னொன்று தட்டினா.

அழுதான். கூரையைப் பிய்க்கிற மாதிரி அழுதான்.

மழைக்குள் ஆட்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. ரோட்டிலிருந்தும் வாய்க்கால் கட்டிலிருந்தும் நனைந்தபடி முற்றத்துக்குள் வந்து நின்றார்கள். மாமி பதறிப்போய், "சனம் வந்திட்டுது, பிள்ளையை அமத்து, அமத்து" என்றா.

"ஏன் அமத்தணும்?" என்றா அக்கா. பிள்ளையைத் துடைத்து அம்மாவின் நெஞ்சில் வைத்தா. "நல்லாக் கத்தட்டும்."

அம்மாவும், "ஓம், கத்தட்டும்" என்றா.